கையை நீட்டுங்க, அத்தான்

மாலதிக்கு வாய் கொஞ்சம் அதிகம் என்பது தாராவியில் அவள் குடியிருக்கும் சந்து முழுக்கத் தெரிந்த விஷயம். ஆனால் அந்த வாய் ஜெயில் கவுண்டர் வரைக்கும் போய் வம்பு வளர்க்கும் என்று அவளுடைய அத்தை மீனாட்சியம்மாள்கூட நினைத்துப் பார்க்கவில்லை.

கவுண்டரில் இருந்த போலீஸ்காரர் கேட்டது சாதாரணக் கேள்விதான். உள்ளே இருக்கிற இசக்கிப்பாண்டி உனக்கு என்ன உறவு? மாலதி இந்தியில் "புவா கா லட்கா" என்றாள். அத்தை மகன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு, உறவுமுறை எழுதும் இடத்தில் 'பஹன்' என்று எழுதினார். அதாவது, சகோதரி.

"சாப், பஹன் இல்லை!" என்று மாலதி கம்பிக்குள் கையை விட்டே தடுத்துவிட்டாள்.

"புவாவின் மகன் உனக்கு அண்ணன்தானே? அப்படியானால் நீ பஹன்தானே?" என்றார் அவர். அவர் பிறந்து வளர்ந்த ஊரில் அத்தை மகனும் அண்ணன்தான், மாமன் மகனும் அண்ணன்தான். இதில் குழம்ப என்ன இருக்கிறது என்று அவருக்கு விளங்கவில்லை.

"எங்க ஆட்களில் அப்படி இல்லை சாப். நான் அவரைக் கட்டிக்கொள்ளப் போகிறவள்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். அண்ணனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று பட்டப்பகலில் ஒருத்தி வந்து சொன்னால் யாராக இருந்தாலும் பேனாவைக் கீழே வைக்கத்தான் செய்வார்கள். பிறகு, ரத்த சொந்தம் வரலாம், மனைவி வரலாம், மற்றவர்கள் வர முடியாது, கல்யாணம் முடித்துவிட்டு வா என்றார்.

"மாப்பிள்ளையை உள்ளே வைத்துக்கொண்டு கல்யாணத்தை எப்படி முடிப்பது?"

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். போலீஸ்காரர் சிரிக்கவில்லை. அத்தை மட்டும் உள்ளே போனாள். 'பஹன்' என்றே எழுதிக்கொள்ளட்டும் என்று மாலதி வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அன்றைக்கே அவனைப் பார்த்திருக்கலாம். அவளால் முடியவில்லை. பேச்சு வந்த நாளிலிருந்து அத்தான், அத்தான் என்று கூப்பிட்டு வளர்ந்தவள். ஒரு கவுண்டருக்குப் பயந்து அதை மாற்றிக்கொள்ள அவளுக்கு மனசு வரவில்லை.

இசக்கிப்பாண்டி டெம்போ ஓட்டுகிறவன். ஏற்றிவிட்ட மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கிற பழக்கம் அவனுக்கு இல்லை. மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் ஒருநாள் அந்த மூட்டைகளில் திருட்டுச் சரக்கு இருந்தது. ஏற்றிவிட்டவன் போனை அணைத்துவிட்டு மாயமாகிவிட்டான். வண்டியும் இசக்கியும் மட்டும் மாட்டிக்கொண்டார்கள். ஜாமீன் கிடைத்துவிடும் என்று வக்கீல் சொல்கிறார். எப்போது என்று கேட்டால் செருமிக்கொள்கிறார். அந்த ஆவணியில்தான் இரண்டு பேருக்கும் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள்.

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். உள்ளே கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் மகன், நடுவில் ஒரு போன். அவ்வளவுதான் பார்வை.

"என்ன அத்தை, நல்லா இருக்காவளா? என்னைக் கேட்டாவளா?"

"கோட்டிப் பய," என்றாள் அத்தை. "உனக்கு வேற மாப்பிள்ளை பாக்கணுமாம். உங்கப்பன்ட்ட சொல்லச் சொல்லுதான். ஜெயிலுக்குப் போனவன் பேரை அவ தலையில கட்டாதீங்கங்கான்."

அவன் அதை ஒரு தடவை சொல்லிவிட்டு விட்டிருந்தால் பரவாயில்லை. உள்ளே இருந்து வாரத்துக்கு ஒருமுறை அம்மாவுக்குப் போன் பேச விடுவார்கள். ஒவ்வொரு முறையும் அதையே சொன்னான். மாலதி போனைப் பிடுங்கி "அத்தான்" என்றால் அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றுவிடும். கடிதம் போட்டாள். இருவருக்கும் தமிழ் பேசத்தான் வரும், எழுத வராது என்பதால் இந்தியில் எழுதினாள். பதில் இல்லை.

அவளுடைய அப்பா பிச்சையா மாட்டுங்காவில் பாத்திரக்கடை ஒன்றில் வேலை பார்க்கிறார். அதட்டத் தெரியாத மனுஷர். கோவண்டியிலிருந்து ஒரு இடம் வந்தபோது அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை.

"நான் என்ன செய்யட்டும் தாயி? அவனே வேண்டாம்னு சொல்லுதானே," என்றார். "'இருக்கட்டும் மாமா'ன்னு அவன் வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும். எத்தனை வருசமானாலும் நான் கேக்க மாட்டேன். அவன் சொல்லலைன்னா, உன்னை வீட்டுல வச்சுக்கிட்டு எனக்கு ராத்திரி தூக்கம் வராது."

அந்த ஒரு வார்த்தையை வாங்கியாக வேண்டும். வாங்குவதற்கு முகத்துக்கு முகம் நிற்க வேண்டும். நிற்க விட மாட்டேன் என்கிறது கவுண்டர்.

வழி சொன்னவள் ஷைஸ்தா. அவளும் கோவண்டிக்காரிதான். அவளுடைய தம்பி ஹமீது உள்ளே இருந்தான். அத்தை உள்ளே போகிற நேரமெல்லாம் மாலதியும் ஷைஸ்தாவும் ஒரே குடைக்குள் நின்று பேசிப் பேசிச் சிநேகிதமாகிவிட்டார்கள். ராக்கி அன்றைக்குச் சகோதரிகளை உள்ளே விடுவார்கள், கண்ணாடி கிடையாது, போன் கிடையாது, பக்கத்தில் உட்கார்ந்து கையில் கட்டலாம், எந்த மதமானாலும் சரி, நானும் போகிறேன் என்றாள் ஷைஸ்தா.

"நான் எப்படிக் கட்டுவது? அவர் என் அத்தான்," என்றாள் மாலதி.

"அதனால் என்ன? நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது டீச்சர் சொன்னார் என்று என் மாமு மகனுக்குக் கட்டினேன். இப்போது அவனுக்கு மூன்று பிள்ளை பெற்றுக் கொடுத்திருக்கிறேன்."

மாலதிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் இதையெல்லாம் இசக்கியம்மன் அவ்வளவு லேசில் விடமாட்டாள் என்பது அவள் நம்பிக்கை. கட்டினால் கட்டியதுதான். பஸ்ஸில் திரும்பும்போது அதையே யோசித்துக்கொண்டு வந்தவள், சயன் நிறுத்தம் வந்ததும் சட்டென்று திரும்பினாள்.

"அத்தை, நான் ராக்கி கொண்டு போகப் போறேன்."

அத்தை நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "ஏட்டி, உனக்கும் கோட்டி பிடிச்சிட்டா? தாலி கட்டப் போறவன் கையில ராக்கியா? கட்டிட்டா அவன் உனக்கு அண்ணன்ட்டி!"

"அவுக கேக்கதும் அதத்தான அத்தை? என்னைய வேற ஒருத்தனுக்குக் கட்டிக் குடுக்கணும்னா அது அண்ணன் செய்ற காரியம். சரி, அண்ணனாவே இருக்கட்டும். கையை நீட்டச் சொல்லுதேன். நீட்டலைன்னா, சொன்ன வார்த்தைய திருப்பி வாங்கச் சொல்லுதேன்."

"அவன் வீம்புக்காரன்ட்டி. உன் நல்லதுக்குன்னு நினைச்சு நீட்டித் தொலைச்சிட்டான்னா?"

மாலதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நீட்டுனா கட்டிருவேன்," என்றாள். "அப்பா காட்டுற இடத்துல கழுத்தையும் நீட்டிருவேன்." அத்தை அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தாராவி வரும்வரை விடவில்லை.

ராக்கி அன்றைக்கு மழை கொட்டியது. ஆனாலும் ஜெயில் வாசலில் கூட்டம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. பளபளப்புப் புடவையும் சுரிதாருமாக வந்திருந்தார்கள். கவுண்டரில் அதே போலீஸ்காரர்.

"என்ன உறவு?"

தாயே இசக்கி, இது கவர்மெண்டுக்குச் சொல்வது, உனக்குச் சொல்வது இல்லை என்று மாலதி மனசுக்குள் சொல்லிவிட்டு, "பஹன்," என்றாள்.

"இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே," என்று அவர் சந்தோஷமாக எழுதிக்கொண்டார். அத்தை எதிர்ப்பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்துவிட்டாள். அந்தக் கண்றாவியைப் பார்க்க என்னால் ஆகாது என்று ஏற்கெனவே சொல்லியிருந்தாள். உள்ளே பையைச் சோதித்தார்கள், தலைமுடியைச் சோதித்தார்கள். கண்ணாடியும் கம்பியும் வைத்த ராக்கிகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். மாலதியுடையது வெறும் சிவப்பு நூல். அது தப்பித்தது.

தகரக் கூரை போட்ட முற்றத்தில் வரிசையாகப் பாய் விரித்திருந்தது. ஆண்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். உன் தங்கச்சி வந்திருக்கிறாள் என்று கூப்பிட்டபோது, எனக்குத் தங்கச்சியே கிடையாது என்று இசக்கிப்பாண்டி எவ்வளவோ சொல்லிப் பார்த்திருக்கிறான். யாரும் காதில் வாங்கவில்லை. வந்தவன் மாலதியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று அவள் வழியெல்லாம் தயாராக வந்திருந்தாள். பார்த்ததும் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. சட்டை அவன் தோளில் நிற்காமல் சரிந்தது. தாடியை அரைகுறையாக மழித்திருந்தான்.

"என்ன அத்தான், இப்படி மெலிஞ்சிட்டீங்க?" என்றாள்.

"நீ எதுக்குட்டி இங்க வந்த? இது நீ வார இடமா?" அதட்டத்தான் பார்த்தான். அதட்டலாக வரவில்லை.

"ராக்கி கட்ட வந்தேன்."

அவன் அவள் கையில் இருந்த நூலைப் பார்த்தான்.

"நீங்கதான வேற மாப்பிள்ளை பாக்கச் சொன்னீங்க? பாத்தாச்சு. கோவண்டியில நல்ல இடமாம். அண்ணன் சம்மதம் இருந்தா அப்பாவுக்கும் ஒரு நிம்மதி. கையை நீட்டுங்க, அத்தான்."

சுற்றிலும் சிரிப்பும் அழுகையுமாக இருந்தது. பக்கத்துப் பாயில் ஷைஸ்தா ஹமீதின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். காவலுக்கு நின்ற பெண் போலீஸ் இவர்களைப் பார்த்துவிட்டு, நேரம் ஆகிறது, "ஹாத் புடே கர்!" என்று மராத்தியில் ஒரு சத்தம் போட்டாள். கையை முன்னால் நீட்டு.

இசக்கி நீட்டினான். வீம்புக்காரன் என்று பெற்றவள் சொன்னது பொய்யில்லை. தலையைக் குனிந்துகொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு வலது கையை நீட்டினான். சொன்ன சொல்லை மீறுகிறவள் இல்லை மாலதி. நூலைப் பிரித்தாள். நூல் அவன் மணிக்கட்டில் பட்டது.

பட்டதுதான் தாமதம். சூடான தோசைக்கல்லில் பட்டவன் மாதிரி கையை இழுத்துக்கொண்டான். இரண்டு கைகளையும் அக்குளுக்குள் இறுக்கி வைத்துக்கொண்டான்.

"வேண்டாம்ட்டி."

"என்ன வேண்டாம்?"

"அது வேண்டாம்."

"அப்ப கோவண்டி மாப்பிள்ளை?"

"அவனும் வேண்டாம்," என்றவனின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. "என்னால முடியலட்டி மாலு. சொல்லுததுக்குச் சொல்லிட்டேன். தினமும் சொன்னத நினைச்சு நினைச்சுதான் சோறு இறங்கல."

மாலதி ஓவென்று அழுதுவிட்டாள். பெண் போலீஸ் தடியை இடுக்கிக்கொண்டு வேகமாக வந்தாள். தங்கை மழையில் வந்து நிற்கிறாள், ராக்கி கட்டிக்கொள்ளாமல் அழவைக்கிறாயா, நீயெல்லாம் ஒரு அண்ணனா என்று பிடித்துக்கொண்டாள்.

"தங்கச்சி இல்லை மேடம்," என்றான் இசக்கி மராத்தியில்.

"பிறகு யார்?"

பொய் சொல்லி உள்ளே வந்தது தெரிந்தால் அவளை வெளியே தள்ளிவிடுவார்கள். ஆனாலும் அதற்கு மேல் அவனால் வேறொன்று சொல்ல முடியவில்லை. "மாமாச்சி முல்கி," என்றான். என் மாமா மகள்.

பெண் போலீஸின் முகம் மாறியது. அவள் சாத்தாரா பக்கத்துக்காரி. மாமா மகள் என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அவளே அவள் புருஷனுக்கு மாமா மகள்தான். அவனைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், நூலைப் பார்த்தாள். பிறகு முந்தானை இல்லாத குறைக்குக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அட பைத்தியமே! இவனுக்குப் போய் யாராவது ராக்கி கொண்டுவருவார்களா?"

"வேறு எப்படியும் உள்ளே விடவில்லை மேடம்," என்று மாலதி மூக்கை உறிஞ்சினாள்.

பெண் போலீஸ் வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டாள். வந்தது வந்தாய், அந்த நூலை யார் கையிலாவது கட்டிவிடு, இல்லையென்றால் என்னைக் கேள்வி கேட்பார்கள் என்றாள். பக்கத்துப் பாயிலிருந்து ஹமீது உடனே இன்னொரு கையை நீட்டினான். மாலதி அவனுக்குக் கட்டினாள். அவன் "ஜீதி ரஹோ பஹன்" என்று பெரிய மனுஷன் மாதிரி ஆசீர்வாதம் செய்தான். பெண் போலீஸ் இவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அந்த முற்றத்தில் அன்றைக்கு அவளைவிட நல்லவள் யாரும் இல்லை.

"எப்ப வெளிய வருவேன்னு எனக்கே தெரியாதுட்டி," என்றான் இசக்கி.

"நான் கேட்டேனா?"

"நாலு பேரு நாலு விதமா சொல்லுவாங்க."

"சொல்லட்டும். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, அப்பாட்ட. அது போதும்."

"அடுத்த தடவை அம்மாவுக்குப் போன் போடும்போது மாமாவை அங்க இருக்கச் சொல்லு. பொண்ணு எனக்குத்தான்னு நானே கேக்குதேன்." பிறகு, "நீயும் இரு," என்றான்.

"நான் பேசுனா வச்சிருவீங்களே?"

"இனிமே வைக்க மாட்டேன்."

விசில் ஊதினார்கள். ஆண்கள் எழுந்து வரிசையில் நின்றார்கள். எல்லார் மணிக்கட்டிலும் சிவப்பும் மஞ்சளும் ஜிகினாவுமாக இருந்தது. ஹமீதின் இரண்டு கையிலும் இருந்தது. இசக்கிப்பாண்டி ஒருவன்தான் வெறுங்கையோடு போனான். உள்வாசல் திரும்புகிற வரைக்கும் அந்தக் கையைத் தலைக்கு மேலே தூக்கி அவளுக்குக் காட்டிக்கொண்டே போனான்.