சீவரத்தினத்தின் சிவலை நாகு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துநாலாம் ஆண்டு ஆடியில், சண்டிலிப்பாய்ச் சீவரத்தினத்தின் வீட்டில் நாகுகளான இரண்டு இளம் பசுக்கள் ஒரே கிழமையில் தலைக்கன்று ஈன்றன. இரண்டும் வன்னிக் காட்டில் மேய்ந்து வளர்ந்து விலைக்கு வந்தவை. கறுப்பி மூன்றே நாளில் பழகிவிட்டது. அவருடைய மனைவி குணலட்சுமி பால் கறக்க உட்கார்ந்தால் கண்ணை மூடிக்கொண்டு அசைபோடும். செந்நிறச் சிவலையோ சீவரத்தினத்தைக் கண்டதும் காலைத் தூக்கும்.

"நீ அதுக்குக் கிட்டப் போகாதை. உதைச்சால் எலும்பு மிஞ்சாது" என்று மனைவியைத் தடுத்துவிட்டு, விடியற்காலையில் அவரே செம்போடு போவார். சில நாள் செம்பு நெளிந்து வந்தது. சில நாள் அவர் நொண்டிக்கொண்டு வந்தார்.

பக்கத்து வளவு இராசநாயகம், "என்னட்டை விடு" என்று மார்தட்டினார். சிவலையின் பின்னங்கால்களைக் கயிற்றால் பிணைத்தார். வாயிலிருந்த சுருட்டை ஒருபக்கம் ஒதுக்கிக்கொண்டு குந்தினார். கயிறு அறுந்தது. செம்பு கிடுகுவேலிக்கு மேலால் பறந்தது.

"உது மாடில்லை, பேய்!" என்றார் அவர், சாணகக் குவியலில் இருந்தபடி.

நல்லூர்த் தேருக்குப் போன சீவரத்தினம் இரண்டு நாள் தமக்கை வீட்டில் தங்கிவிட்டார். கன்று குடித்த பிறகும் சிவலைக்கு மடி கனத்தது, ஓயாமல் கதறியது. குணலட்சுமிக்குப் பொறுக்கவில்லை. பயந்து பயந்து போய்க் கையை நீட்டினாள். சிவலை முகர்ந்து பார்த்தது. பிறகு அசையாமல் நின்று செம்பு நிறையப் பால் தந்தது.

திரும்பி வந்தவர் நம்பவில்லை. மறுநாள் காலை வழக்கம்போல் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு போனார். குணலட்சுமி பின்னால் நின்று பார்த்தாள். புகை போய்ப் பட்டதும் சிவலையின் தொடை நடுங்கியது. அந்தத் தொடையில்தான் பழைய சொந்தக்காரன் சுட்ட குறி, உள்ளங்கையளவு தழும்பாகக் கிடந்தது.

"இஞ்சாருங்கோ, நில்லுங்கோ! சுட்டது அதுக்கு நினைவிருக்கு. புகை மணத்தாலை பயப்பிடுது. உந்தச் சுருட்டை எறிஞ்சுபோட்டு வாங்கோ."

"என்ரை தோட்டத்துப் புகையிலை. தெற்கை காலியிலை இருந்து கடைக்காரன் தேடி வந்து வாங்கிறான். உவவுக்குப் பிடிக்கேல்லையோ?" என்று சிவலையைக் காட்டினார்.

"ஓம், உவவுக்குப் பிடிக்கேல்லை."

முணுமுணுத்துக்கொண்டே கிணற்றடிக்குப் போய் முழுகி, வாய் கொப்பளித்து, வேறு வேட்டி கட்டி வந்தார். சிவலை அவருடைய கையை நெடுநேரம் முகர்ந்தது. ஒருமுறை காலை உயர்த்தியது. பிறகு மெல்லக் கீழே வைத்தது. பால் சர்ரென்று செம்பில் விழுந்தது.

மாசியில் இராசநாயகம் இரும்புக்கோலோடு வந்தார். "கண்டுகள் வளந்திட்டுது. குறி சுடுவம், தம்பி."

சீவரத்தினம் மனைவியைப் பார்த்தார். "வேண்டாம் அண்ணை. அடையாளத்துக்கு மணி கட்டினால் காணும்."

மறுநாள் இரண்டு கன்றுகளும் புது மணி குலுங்க நேரே புகையிலைத் தோட்டத்துக்குள் பாய்ந்தன. துரத்திப் பிடிக்க ஓடிய குணலட்சுமி பாத்தி வரம்பில் தடுக்கி விழுந்து, எழும்ப முடியாமல் சிரித்தாள்.