கியர் போடும் கை

"கியர் போடத் தெரியுமா?"

"எதுக்குக் கேக்குறீங்க?"

"கட்டுப் போட்டது நீங்கதானே? முழங்கை வரைக்கும் மாவு பூசி வெச்சிருக்கீங்க. இந்தக் கையால சட்டைப் பட்டன்கூடப் போட முடியல. அதனால கியரும் நீங்கதான் போடணும்."

"அது என் வேலை இல்ல சார்."

"டூட்டி முடிஞ்சிருச்சுல்ல? இனிமே அது வேலை இல்ல, உதவி."

ஆஸ்பத்திரி வாசலில் நடந்த இந்தப் பேச்சை நர்சம்மா எத்தனை முறை நினைத்திருப்பாளோ, அவளுக்கே தெரியாது. அன்று அவள் கட்டுப் போடும் அறையில் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அவரோ வாரம் முழுக்கப் பாலங்களுக்கு வரைபடம் போடுவார்; ஞாயிற்றுக்கிழமைகளில் மலைப்பாதைப் பந்தயத்தில் கார் ஓட்டுவார். மணிக்கட்டை உடைத்துக்கொண்டு வந்தவர், போகும்போது பஸ்ஸைத் தவறவிட்டு நின்றவளையும் ஏற்றிக்கொண்டு போனார். தரையோடு தரையாகப் படுத்திருந்த சிவப்பு வண்டி. இரண்டே இருக்கை. உள்ளே இறங்குவது, கிணற்றில் இறங்குவது போல இருந்தது.

"நான் கிளட்சை மிதிச்சதும் 'ம்'னு சொல்லுவேன். உடனே கம்பியைத் தள்ளணும்."

அவள் கியர் கம்பியின் தலையை இரண்டு விரலால் தொட்டாள்.

"ஜுரம் இருக்கான்னு பாக்கச் சொல்லல. நல்லாப் பிடிங்க."

பிடித்தாள். தள்ளினாள். தகரத்தைப் பிறாண்டியது போல ஒரு சத்தம் வந்தது. தெருவே திரும்பிப் பார்த்தது. அவர் மட்டும் முகம் சுளிக்கவில்லை.

"ரெண்டாவது கியர் கொஞ்சம் கோபக்கார மாமியார். அவசரப்படுத்தினா கடிக்கும். ஒரு நொடி தயங்கி நில்லுங்க, தானா வழி விடும்."

நின்றாள். விட்டது. வெண்ணெயில் கத்தி இறங்கியது போல உள்ளங்கைக்குள் அது போய் உட்கார்ந்ததே, அந்தச் சுகம் இன்றுவரை அவள் கையில் இருக்கிறது.

கட்டுப் பிரிக்கும் நாள் வரை தினமும் டூட்டி முடியும் நேரத்துக்கு வண்டி வாசலில் நின்றது. பிரித்த அன்று அவர் கையை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, "சரியாயிடுச்சு. இனிமே யார் கியர் போடுறது?" என்றார். பெண் கேட்பது என்றால் ஊரில் எப்படியெல்லாமோ கேட்கிறார்கள். அவளிடம் கேட்கப்பட்டது அப்படித்தான்.

கல்யாணத்துக்குப் பிறகு பந்தயம் குறைந்தது, ஞாயிற்றுக்கிழமைச் சுற்றல் நிற்கவில்லை. அவர் மிதிப்பார், 'ம்' என்பார், அவள் போடுவாள். வீட்டில் அவர் போனில் யாருக்கோ 'ம்' கொட்டினால்கூட, கரண்டி பிடித்த அவள் கை ஒருமுறை துடித்து அடங்கும். மகள் பிறந்த பிறகு குடும்பத்துக்கென்று வேறு வண்டி வந்தது. நர்சம்மாவும் சொந்தமாக ஒரு குட்டிக் கார் வாங்கி ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போய் வந்தாள். ஆனால் அந்தச் சிவப்பு வண்டியின் ஸ்டியரிங் பக்கம் மட்டும் அவள் உட்கார்ந்ததில்லை. யாருமே உட்கார்ந்ததில்லை. பட்டறையில் மெக்கானிக்கைக்கூட ஜன்னல் வழியாக ஸ்டியரிங்கைப் பிடித்துத் தள்ளச் சொல்லுவாரே தவிர, உட்கார விடமாட்டார்.

ஒரே ஒரு தடவை அதை ஓட்ட வேண்டும் என்பது அவள் ஆசை. கேட்டால் கொடுப்பாரோ மாட்டாரோ, கேட்டதில்லை. ஒருமுறை இருக்கையைத் துடைக்கும் சாக்கில் உட்காரப் போனபோது, "பார்த்து, அந்த சீட்டுல உக்காந்தா தலைக்கனம் ஏறும்" என்று அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். வாய் வரை வந்த கேள்வி சிரிப்போடு போய்விட்டது. அதன் பிறகு வருஷங்கள் ஓடிவிட்டன.

இன்று சாயங்காலம் அந்த வண்டி கைமாறப் போகிறது. உடைந்து சேர்ந்த மணிக்கட்டு வயதான காலத்தில் இறுகிக்கொண்டுவிட்டது. கியர் கம்பியைப் பிடித்தாலே முழங்கை வரை வலி சுண்டி இழுக்கிறது. பழைய கார்கள் சேர்க்கும் பல் டாக்டர் ஒருவர் வாங்கிக்கொள்கிறார். மகளும் மாப்பிள்ளையும் அதற்குப் பதிலாக ஒரு புது வண்டியைப் பார்த்து வைத்து, ஓட்டிப் பார்ப்பதற்காக இவர்களைக் காலையிலேயே ஷோரூமுக்கு இழுத்துப் போனார்கள்.

மாப்பிள்ளை பின்சீட்டிலிருந்து தலையை நீட்டினார்.

"பாருங்க மாமா, ஸ்டியரிங்குக்குப் பின்னாலயே ரெண்டு தகடு. வலது பக்கம் இழுத்தா கியர் ஏறும், இடது பக்கம் இழுத்தா இறங்கும். இதுக்குப் பேரு பேடில்."

"பேடில்னா துடுப்புதானே? தரையில போற வண்டிக்கு எதுக்குத் துடுப்பு?" என்றாள் நர்சம்மா.

"அத்தை, கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள கியர் மாறிடும். எந்த மனுஷன் கையும் அந்த வேகத்துக்கு வராது. பந்தய வண்டியிலயே இப்ப இதுதான்."

"மூடித் திறக்குறதுக்குள்ள மாறிட்டா ரசிக்கிறது எப்ப மாப்ள?" என்றார் அவர். "கிளட்ச் எங்க?"

"கிடையாது மாமா."

"கையும் வலிக்காது, காலும் வலிக்காது. அப்ப ஓட்டினது நான்தான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அப்பா, வண்டி பாக்க வந்தோமா, வழக்காட வந்தோமா?" என்றாள் மகள். "கிளம்புங்க."

கிளம்பினார். வாயில்தான் வழக்கு, சாலை திறந்ததும் அவர் முகம் மாறியதை நர்சம்மா பக்கத்தில் இருந்து பார்த்தாள். விரல் நுனியால் ஒரு தட்டு, வண்டி உறுமிக்கொண்டு பாய்ந்தது. இன்னொரு தட்டு. வளைவுக்கு முன்னால் இடப்பக்கத் தகட்டை இரண்டு முறை இழுத்தார். இஞ்சின் தானே குரலை உயர்த்தித் தாழ்த்தி, ஒரு பிசிறு இல்லாமல் இறங்கியது. மணிக்கட்டு அசையவே இல்லை. அவருக்கு வலிக்காமல் ஒரு வளைவு திரும்பி எத்தனை காலம் ஆகிறது. அவளுக்கு மனசு நிறைந்துவிட்டது. நல்ல வண்டிதான். இவருக்கு இதுதான் வேண்டும்.

அடுத்த வளைவில் அவர் தகட்டைத் தொட்டபோது, தன்னை அறியாமல், "ம்" என்றார்.

அவள் கை போனது. எங்கே போக வேண்டுமோ அங்கேதான் போனது. ஆனால் அங்கே கம்பி இல்லை. மாப்பிள்ளை வைத்திருந்த காபி கப்தான் இருந்தது. இரண்டு விரல்கள் ஆறிப்போன காபிக்குள் இறங்கின.

"என்னம்மா பண்றே?" மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"சர்க்கரை சரியா இருக்கான்னு பாத்தேன்."

அவர் சிரிக்கவில்லை. ஒருமுறை திரும்பி அவள் விரலைப் பார்த்தார். திரும்பி வரும் வழியில் எத்தனையோ கியர் மாறியது. ஆனால் அவர் 'ம்' சொல்லவே இல்லை. வாயை இறுக்கிக்கொண்டு வந்தார். புது வண்டிக்குச் சரியென்று அவர் தலையாட்ட, எல்லோரும் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

மதியச் சாப்பாடு முடிந்து மகளும் மாப்பிள்ளையும் உள்ளே படுத்துவிட, நர்சம்மா கொட்டகைப் பக்கம் வந்தபோது அவர் சிவப்பு வண்டிக்குக் கடைசித் துடைப்புத் துடைத்துக்கொண்டிருந்தார். கியர் கம்பியின் தலையில் எண்கள் எப்போதோ தேய்ந்து போயிருந்தன. அவள் உள்ளங்கை தேய்த்ததில் பாதி, அவர் உள்ளங்கை தேய்த்ததில் பாதி. அதையும் துணியால் சுற்றிச் சுற்றித் துடைத்தார்.

"நல்ல நேரத்துல வந்தே நர்சம்மா. பல் டாக்டர் வர்றதுக்குள்ள இஞ்சினைச் சூடாக்கி வெக்கணும். ஒரு சுத்து போயிட்டு வரலாம். ஏறு, கியர் நீ போடு."

ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு அவர் தன் பக்கக் கதவைத் திறந்தார். அவள் தன் பக்கத்துக்குப் போகவில்லை. அவர் எதிரிலேயே நின்றாள்.

"என்ன, ஏறலயா?"

"ஒண்ணு கேக்கணும்."

"விலை பேசினது பேசினதுதான். இப்பப் போய்..."

"விலை இல்லீங்க. உங்களுக்கு எந்தக் கை வலிக்குது?"

"தெரியாத மாதிரி கேக்குறியே. கட்டுப் போட்டது யாரு? கியர் போடுற கைதான்."

"எந்தக் கை நல்லா இருக்கு?"

"இது." சாவியோடு மற்றக் கையைத் தூக்கிக் காட்டினார்.

"அந்தப் பக்க சீட்டுல உக்காந்தா, கியர் போட எந்தக் கை வரும்?"

அவர் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். அவள் இத்தனை காலம் உட்கார்ந்த இருக்கையைப் பார்த்தார், நடுவில் நிற்கும் கம்பியைப் பார்த்தார், பிறகு தன் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பாலத்துக்குக் கணக்குப் போடும்போது இருக்கும் அதே முகம். கணக்கு சரியாக வந்ததும் புருவம் மெல்ல உயர்ந்தது. அவள் சொல்லட்டும் என்று காத்திருந்தார்.

இரண்டாவது கியருக்கு முன்னால் தயங்குவது போல நர்சம்மா ஒரு நொடி தயங்கினாள். பிறகு சாவிக்காகக் கையை நீட்டினாள்.

"இன்னைக்கு நான் ஓட்டுறேன். 'ம்' நான் சொல்றேன். நீங்க கியர் போடுங்க."