காற்றைச் சேர்த்த கணக்கு

மீன்விலை எழுதுவதற்கென்று சங்கம் வாங்கி மாட்டிய கரும்பலகையின் கீழ்ப்பாதி எப்போது மிரோஜனுக்கும் கம்சிகாவுக்கும் சொந்தமானது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. மேலே பாரை, விளை, ஓரா, நண்டு என்று அன்றைய விலை. கீழே ஒரு புதிர். விலை பார்க்க வருகிறவர்கள் புதிரையும் ஒருமுறை வாசித்துவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு போவார்கள்.

கம்சிகா கரம்பொன் ஊர்க்காரி. பௌதிகவியலில் பட்டம் முடித்துவிட்டு, அரசாங்க வேலைக்கு விண்ணப்பம் போட்டபடியே, ஊர்காவற்றுறையில் கடற்றொழிலாளர் சங்கத்தில் கணக்கெழுதும் கிளாக்காக இருந்தாள். மிரோஜன் ஓஎல் சோதனையோடு கொப்பியை மூடிவிட்டு, தகப்பன் பஸ்ரியாம்பிள்ளையின் பைபர் படகில் ஏறியவன். இருவருக்கும் இரண்டு வயது வித்தியாசம். போனில் தேடக்கூடாது, தோற்றவர் தேத்தண்ணி வாங்க வேண்டும். விளையாட்டுக்கு இவ்வளவுதான் சட்டம்.

முதல் புதிரை அவள்தான் எழுதினாள். தொட்டியில் ஒரு வள்ளம் மிதக்கிறது. வள்ளத்துக்குள் நங்கூரம். நங்கூரத்தைத் தூக்கித் தொட்டிக்குள் போட்டால் தண்ணீர் மட்டம் ஏறுமா, இறங்குமா?

"ஏறும்" என்றார் சங்கத் தலைவர்.

"அப்பிடியே கிடக்கும்" என்றான் மிரோஜனோடு தொழிலுக்குப் போகிற மச்சான் சுதன்.

மிரோஜன் மீன் கழுவுகிற பேசினை இழுத்து வைத்து, ஒரு அலுமினியக் கோப்பைக்குள் கல்லைப் போட்டு மிதக்க விட்டான். கரியால் கோடு கீறினான். கல்லை எடுத்துத் தண்ணீருக்குள் போட்டான்.

"கிளாக்கர் அம்மா, வந்து பாரும். இறங்கீட்டுது."

"அது எனக்குத் தெரியும். ஏனெண்டு சொல்லும்."

"ஏன் எண்டது உம்மட வேலை. நீர் தாளிலை செய்யும், நான் தண்ணியிலை செய்யிறன்."

அன்றிலிருந்து அப்படித்தான். அவள் தாளில், அவன் தண்ணீரில். ஒருநாள் அவள் ஆற்றுப் புதிர் ஒன்று எழுதினாள். ஒருவன் நீரோட்டத்துக்கு எதிராகத் துடுப்பால் வள்ளம் வலிக்கிறான், தொப்பி விழுந்ததைக் கவனிக்காமல் பத்து நிமிடம் போய்விட்டுத் திரும்புகிறான், தொப்பியைப் பிடிக்க எவ்வளவு நேரம் எடுக்கும்?

"காத்து எந்தப் பக்கம்?" என்று கேட்டான் மிரோஜன்.

"காத்து இல்லை. புதிரிலை காத்து இல்லை."

"காத்தில்லாத தண்ணி எங்கை கிடக்கு? உங்கட யுனிவசிற்றிக்குள்ளையோ?"

சங்கமே சிரித்தது. கம்சிகாவுக்குக் கோபம் வந்தது. ஆனால் அன்று பின்னேரம் முழுக்க உட்கார்ந்து, காற்றும் நீரோட்டமும் சேர்ந்தால் ஒரு படகு எப்படி இழுபடும் என்று கணக்குப் போட்டாள். மிரோஜன் இரண்டு நாள் கடலில் எஞ்சினை நிறுத்திவிட்டு, ஜிபிஎஸ்ஸைப் பார்த்து எண்கள் கொண்டுவந்து கொடுத்தான். வடகிழக்கு வாடைக்காற்றுக்கு இவ்வளவு, தென்மேற்குச் சோளகத்துக்கு இவ்வளவு என்று ஒரு கொப்பி நிறைந்தது. அதற்குப் பிறகு கடலில் இருந்து அவன் அனுப்புகிற புதிர்கள் எல்லாம் அந்தக் கொப்பியில் இருந்துதான் வந்தன. இப்ப இங்க நிக்கிறன், காத்து இப்பிடி, இன்னும் ஒரு மணித்தியாலத்திலை எங்கை நிப்பன் என்று கேட்பான். அவள் சொல்லுவாள். பெரும்பாலும் சரிவரும்.

தை மாதத்தில் ஒருநாள் சுதனுக்குக் காய்ச்சல். மிரோஜன் தனியாகப் போனான். காலை ஆறு பத்துக்குக் கம்சிகாவின் போனுக்கு ஒரு செய்தி வந்தது.

"கிளாக்கர் அம்மா, புதுக்கணக்கு. எஞ்சின் நிண்டிட்டுது. நல்ல வாடை. நெடுந்தீவு தெற்காலை கோடு மாதிரித் தெரியுது. ஒன்பது மணிக்குப் போட் எங்கை நிக்கும்? பிழைச்சா தேத்தண்ணியோட வடையும்."

கூடவே அவன் நின்ற இடத்தின் எண்களும் இருந்தன. கம்சிகா குசினிக்குள் நின்றபடியே சிரித்தாள். வடைக்காகவே கவனமாகப் போட்டாள். காற்று வடகிழக்கில் இருந்து வருகிறது, படகு தென்மேற்காலே போகும். நீரோட்டம் வடக்காலே தள்ளுகிறது, அதைக் கொஞ்சம் கழிக்க வேண்டும். அரை மணித்தியாலம் எடுத்தது. விடையை அனுப்பினாள். ஒற்றைச் சரி மட்டும் விழுந்தது. அவனுக்குப் போய்ச் சேரவில்லை.

கவறேஜ் இல்லை என்று நினைத்தாள். முழுகினாள், சீப்பால் தலை இழுத்தாள். ஏழே கால் வரைக்கும் அந்த ஒற்றைச் சரி அப்படியே நின்றபோதுதான், எஞ்சின் நின்றது புதிருக்காக இல்லை, உண்மையாகவே நின்றுவிட்டது என்று அவளுக்கு உறைத்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு துறைக்கு ஓடினாள்.

பஸ்ரியாம்பிள்ளை வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் வலையை அப்படியே விட்டுவிட்டு எழும்பினார்.

"எஞ்சின் நிண்ட இடத்துக்குத்தான் முதல் போகவேணும்."

"ஐயா, போட் இப்ப அங்கை நிக்காது" என்றாள் கம்சிகா. "ஒன்பது மணிக்கு இந்த இடத்திலை நிக்கும். நான் கணக்குப் போட்டனான். நாங்கள் எத்தினை தரம் செய்து பாத்தனாங்கள். நேரா இங்கை போங்கோ. இல்லாட்டி எல்லை தாண்டி இந்தியாப் பக்கம் போயிடும்."

கிழவர் மகனை நினைத்தாரோ, மகனுடைய கொப்பியை நினைத்தாரோ, தலையாட்டினார். அவரையும் ஏற்றிக்கொண்டு நாலு படகு வெளிக்கிட்டன.

ஒன்பது ஐந்துக்குத் தலைவரின் போன் அடித்தது. "பிள்ளை சொன்ன இடத்திலையே நிக்குது! இம்மியும் பிசகேல்லை!" என்று யாரோ கத்தினான். சங்கத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். கம்சிகாவும் தட்டினாள். பிறகு அந்தக் குரல் இறங்கியது.

"போட் மட்டுந்தான் நிக்குது. பெடியனைக் காணேல்லை."

மத்தியானம் படகைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். மற்றப் படகுகள் அது கிடந்த இடத்தைச் சுற்றித் தேடிக்கொண்டிருந்தன. கம்சிகா துறையில் நின்று பார்த்தாள். அவன் கழற்றிய சேட்டும் சார்ஜ் தீர்ந்த போனும் பொலித்தீன் பையில் சுற்றி, முன்பக்கத்து அணியத்தில் இருந்தன. எஞ்சின் காத்தாடியில் வலை சுற்றியிருந்தது. பாதி வெட்டியிருந்தது. கத்தியைக் காணவில்லை.

"வெட்ட இறங்கியிருக்கிறான்" என்றான் சுதன், காய்ச்சலோடு வந்து நின்றவன். "நான் நிண்டிருந்தா கயித்தைப் பிடிச்சிருப்பன். தனிய எண்டா இடுப்பிலை கட்டிக்கொண்டு இறங்கவேணும். கட்டேல்லைப் போல. அவனுக்கு எல்லாத்திலையும் அவசரம்."

கம்சிகாவுக்கு அப்போது எல்லாம் விளங்கியது. படகைக் காற்றுப் பிடிக்கும். தண்ணீருக்குள் கழுத்தளவில் கிடக்கிறவனைக் காற்றுப் பிடிக்காது. அவன் படகில் இருந்து கையை விட்ட நிமிடமே இரண்டும் இரண்டு பக்கமாகப் போயிருக்கும். அவன் எழுதிய கேள்விக்கு அவள் சரியான விடை சொல்லியிருக்கிறாள். அந்த விடைக்கு நாலு படகையும் அனுப்பியிருக்கிறாள்.

சங்கத்துக்குள் போனாள். காற்றை எடுத்துவிட்டு, எஞ்சின் நின்ற இடத்தில் இருந்து நீரோட்டத்தை மட்டும் வைத்துத் திரும்பப் போட்டாள். இடத்தைச் சொன்னாள். படகுகள் அங்கே திரும்பின. இருட்டும் வரைக்கும் ஒன்றும் இல்லை. அடுத்தநாள் விடிய, அவள் சொன்ன கோட்டில், கொஞ்சம் வடக்காலே, அவனை எடுத்தார்கள்.

அடக்கம் முடிந்து நாலாம் நாள் பஸ்ரியாம்பிள்ளை சங்கத்துக்கு வந்தார். கரும்பலகையின் மேல்பாதியில் மட்டும் விலை எழுதியிருந்தது. கம்சிகா கதிரையைக் காட்டினாள். அவர் அதில் இருக்கவில்லை.

"பிள்ளை, ஒண்டு கேக்கவேணும். நீ படிச்ச பிள்ளை. எனக்குச் சும்மா ஆறுதல் சொல்லாதை."

"சொல்லுங்கோ ஐயா."

"நாங்கள் எட்டரை போல அந்தப் பக்கத்தாலை போனனாங்கள். அந்த நேரம் அவன் எவடத்திலை கிடந்திருப்பான்?"

அவள் தாளைத் தேடத் தேவையில்லை. நாலு நாளாக அதை மட்டுந்தான் போட்டுக்கொண்டிருக்கிறாள். "உங்கட போட் போன பாதையிலை இருந்து அரைக் கிலோமீற்றர்" என்றாள். "வலப்பக்கம். என்னிலைதான் பிழை ஐயா. நீங்கள் எஞ்சின் நிண்ட இடத்துக்குப் போவம் எண்டு சொன்னனீங்கள். நான் விடேல்லை."

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். காற்று இன்னும் வாடைதான்.

"அலை பெரிசு. அரைக் கிலோமீற்றர் எண்டா எங்களுக்குத் தலை தெரிஞ்சிராது" என்றார் கடைசியில். "அவன் நல்லா நீந்துவான். எட்டரைக்கு உயிரோடதான் இருந்திருப்பான். எங்கட எஞ்சின் சத்தம் அவனுக்குக் கேட்டிருக்குமோ பிள்ளை?"

நாலு எஞ்சின். காற்று அவர்களுடைய முதுகுப் பக்கத்தில் இருந்து, அவன் கிடந்த பக்கமாக அடித்துக்கொண்டிருந்தது. ஒலி காற்றோடு போகும்போது எப்படி வளைந்து தண்ணீரை ஒட்டிக்கொண்டு போகும் என்று அவளுக்குத் தெரியும். வரும்போதே கேட்டிருக்கும். கிட்ட வந்ததும் கேட்டிருக்கும். கையைத் தூக்கியிருப்பான்.

"இல்லை ஐயா" என்றாள். "கேட்டிருக்காது. காத்து மற்றப் பக்கம்."

பஸ்ரியாம்பிள்ளை நாற்பது வருசம் கடலுக்குப் போனவர். அவளைப் பார்த்தார்.

"ஓம்" என்றார். "காத்து மற்றப் பக்கந்தான்."

கதவடியில் கழற்றிவிட்ட செருப்பை ஒரு காலுக்குப் போட்டுக்கொண்டு, மற்றதைப் போட மறந்தவர்போல அப்படியே கொஞ்ச நேரம் நின்றார்.