விலாசம் பார்த்துப் பிரித்த வேலை

ஏழு ஆண்டுகள் பூட்டிக் கிடந்த பொதுப் பொழுதுபோக்கு மையம் திங்கட்கிழமை திறக்கப்படவிருந்தது. வாசலில் ‘முப்பது பேருக்கு வேலை’ என்ற பதாகை படபடத்தது. உள்ளே, தெரிவானோர் பட்டியலின் முன் பிரேமிளா நின்றாள்.

நீச்சல் தடாகத்து உயிர்காப்பாளர் வேலைக்குத்தான் அவள் விண்ணப்பித்திருந்தாள். போன கிழமைச் சோதனையில், தடாகத்தின் அடியிலிருந்து மணல்மூட்டையை மூன்று தரமும் மேலே கொண்டுவந்தவள் அவள் ஒருத்தியே. அவளோடு சோதனைக்கு வந்த நிரஞ்சன் பாதியிலேயே மூட்டையைக் கைவிட்டு மூச்சிரைக்க மேலே வந்தவன்.

‘உயிர்காப்பாளர்: நிரஞ்சன், கோகுலன்.’

அவள் பெயர் கடைசித் தாளில் இருந்தது. ‘துப்புரவு – கழிப்பறைப் பகுதி.’

அச்சுப் பிழையாக இருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு தொடர்ந்து வாசித்தாள். சமையலுக்கு விண்ணப்பித்த நிசாந்தினி. கணினி படித்த சாருஜன். பூவரசங்குளத்துக்கு அப்பால், மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்களின் குடியேற்றத்திலிருந்து அவளோடு சேர்த்து விண்ணப்பித்த ஆறு பேரும் அந்த ஒரே தலைப்பின் கீழே!

“ஐயா, நான் உயிர்காப்பாளருக்கெல்லோ போட்டனான்?”

முகாமையாளர் செல்வநாயகம் முகம் மலர்ந்தார்.

“ஓம் பிள்ளை, நல்லா நீந்தினனீர். நான்தானே விசில் ஊதினனான்.”

“பிறகு?”

“விலாசத்தைப் பாத்துப் பிரிச்சனாங்கள். உங்கட ஆக்கள் இந்த வேலையில கெட்டிக்காரர். ஒருதரையும் வெறுங்கையோட அனுப்பேல்லை, பாரும்!”

அவர் குரலில் வன்மம் இல்லை. நன்றியை எதிர்பார்த்து நின்றார் மனிதர்! அதுதான் அவளை உலுக்கியது. காடு வெட்டிக் கழனியாக்கிய சனம். போரின் செல்லடியில் எல்லாரோடும் ஓடி, எல்லாரோடும் முட்கம்பி முகாமுக்குள் கிடந்த சனம். பதுங்குகுழிக்குள் இறங்கியபோது எவர் கேட்டார் விலாசம்?

“விடடி,” என்றாள் பின்னால் நின்ற நிசாந்தினி. “நிரஞ்சன் தண்ணிக்குள்ள தாண்டுபோனா, நாங்கள் கக்கூஸ் கூட்டுற தும்புத்தடியை நீட்டி இழுப்பம்.”



செல்வநாயகம் துப்புரவு வேலைக்கான சம்மதப் படிவத்தை நீட்டினார். “கையெழுத்து வையும்.”

பிரேமிளா அதன் குறுக்கே எழுதினாள்: ‘நான் விண்ணப்பித்தது உயிர்காப்பாளர் பதவிக்கு. சோதனைப் புள்ளிகளைப் பகிரங்கமாக ஒட்டவும்.’ கீழே ஒப்பமிட்டாள்.

“சீல் குத்தி ஒரு பிரதி தாங்கோ ஐயா.”

அவர் முகம் வெளிறியது. “பிள்ளை, இருக்கிற வேலையும் போயிடும்!”

“அது நான் கேட்ட வேலை இல்லையே ஐயா.”

நிசாந்தினி தன் படிவத்தை மேசையில் விரித்து, கையை நீட்டினாள்.

“அந்தப் பேனையை இஞ்ச தா.”