பொத்தான் காய்த்த மரங்கள்

“கையெழுத்துப் போடாதீங்க சார்! போட்டீங்கன்னா பேனாவையே பிடுங்கிடுவேன்!”

“யாரும்மா நீங்க? வேலிக்கு அந்தப் பக்கம் போங்க!” சைட் சூப்பர்வைசர் கத்தினார்.

“நான் யாரா? இதோ இந்த ஜன்னல்ல உக்காந்து மூணு வருஷமா உங்க கம்பிச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே தைக்கிறவ!”

தெருவில் அவளுக்குக் கத்திரி அக்கா என்று பெயர். துணியை வெட்டுவதாலா, பேசுகிறவர்களை வெட்டுவதாலா என்று நேரில் கேட்க யாருக்கும் தைரியம் வந்ததில்லை. பின்பக்க அறையில் வெள்ளைக் கல்யாண உடைகள் தைப்பதுதான் பிழைப்பு. ஜன்னலுக்கு வெளியே முன்பு வெறும் பொட்டல். இப்போது பன்னிரண்டு மாடி. புதுக் குடியிருப்பைச் சுற்றி எல்லாப் பக்கமும், பழைய தெருப் பக்கமும் சேர்த்து, இருபதடி அகலத்துக்கு மரம் வளர்ப்பதாக ஒப்புக்கொண்டுதான் பில்டர் அனுமதி வாங்கியிருந்தார். ஆனால் அவர் கண்ணெல்லாம், கையெழுத்து விழுந்ததும் தெருப் பக்கத்தில் கார்ப் பாதை போடுவதில். கார் போனால் புகை, தூசி. வெள்ளைத் துணியில் ஒரு புள்ளி விழுந்தாலும் அக்கா கடையைக் கட்ட வேண்டியதுதான்.

குடிபோக அனுமதி தரும் முன் நகராட்சி அதிகாரி ஒருநாள் விட்டு ஒருநாள் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்து வந்தார். திங்கட்கிழமை கிழக்குப் பக்கம்: ஆளுயரத்தில் நாற்பது மரங்கள். அவை நடப்பட்டபோதே அக்கா எட்டிப் பார்த்திருந்தாள். ஆளுயர மரத்துக்கு முழங்கை ஆழத்தில் குழியா? மனசுக்குள் உறுத்தியது. உறுத்தினால் அவளுக்குச் சோறு இறங்காது. செவ்வாய் மதியம் வேலையாட்கள் சாப்பிடப் போன நேரம் பார்த்து வேலிக்குள் நுழைந்து, அடையாளத்துக்கு, மரத்துக்கு ஒன்றாகச் சட்டைப் பொத்தான்களைச் சிவப்பு நூலால் கிளையில் கட்டினாள். பதினேழாவது மரத்தில் காவலாளி வந்துவிட்டார். “பூனையைத் தேடுறேன்” என்றாள். அவளிடம் பூனையே கிடையாது.

புதன்கிழமை காலையில் பார்த்தால், அவள் ஜன்னலுக்கு நேரே நாற்பது மரங்கள்! அதிகாரியும் பேனாவைத் திறந்துவிட்டார். அப்போதுதான் வேலி தாண்டி ஓடிவந்தாள்.

“அண்ணி, வந்துடுங்க, தெருவே பாக்குது” என்று கையைப் பிசைந்தாள் அவளோடு இருக்கும் நாத்தனார்.

“பாக்கட்டும்! சார், அந்த மூணாவது மரத்தைப் பாருங்க. பொத்தான் காய்க்கிற மரம் எங்கயாவது உண்டா? நேத்து கிழக்குப் பக்கம் நின்ன மரத்துல நான் கட்டினது. கால் முளைச்சு நடந்து வந்துடுச்சு போல.”

“பொய் சார்! இங்கயே வந்து கட்டியிருப்பாங்க!”

“அப்ப கிழக்கால போய்ப் பாத்துடுவோமா?”

“அங்க ஒரே சேறு சார்” என்றார் சூப்பர்வைசர். மழை பெய்து இரண்டு மாதமாகியிருந்தது.

அதிகாரி நடந்தார். பின்னாலேயே தெருவும் நடந்தது. அங்கே நாற்பது குழிகள் வாயைப் பிளந்து கிடந்தன. மரங்களை ஏற்றிவந்த நர்சரிக்காரர், பாவம், யாரும் கேட்காமலே கொட்டிவிட்டார்: “வாடகைக்குத்தான் சார் குடுத்தேன். தொட்டியோட புதைச்சிருக்காங்க.”

கத்திரி அக்கா விறுவிறுவென்று திரும்பி வந்து, தன் ஜன்னலுக்கு நேரே நின்ற மரத்தைக் கட்டிப் பிடித்து இழுத்தாள். பிளாஸ்டிக் தொட்டியோடு பொசுக்கென்று வந்தது. தலைக்கு மேலே தூக்கத்தான் ஆசை. இடுப்பு வரைதான் முடிந்தது. தெருவுக்கு அதுவே போதும், கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது.

அதிகாரி ஃபைலை மூடினார். “எல்லாப் பக்கமும் மண்ணுல வேரோட நடுங்க. ஒரு வருஷம் உயிரோட நின்னாத்தான் குடிபோக அனுமதி.”

நின்றன. இருபதடியில் ஓரடிகூடக் குறையவில்லை. ஒரு சைக்கிள்கூட அந்த வழியே போகவில்லை.

சூப்பர்வைசர் வேறு ஊரில் பாலம் கட்டப் போய்விட்டார். தண்ணீர் ஊற்ற ஒரு வருஷமாக வந்துபோன நர்சரிக்காரர், நாத்தனார் துணி காயப்போடும் நேரமாகப் பார்த்து ஒரே மரத்துக்கு நாலு வாளி ஊற்றியது ஊருக்கே தெரியும், கத்திரி அக்காவைத் தவிர. கடைசியில் நாத்தனாரின் கல்யாண உடையைத் தைத்ததென்னவோ அக்காதான். மறுமாதமே புதுமணத் தம்பதி அந்தப் புதுக் குடியிருப்பின் முதல் மாடிக்குக் குடிபோனார்கள். அங்கிருந்து அண்ணியின் ஜன்னல் தெரிவதில்லையாம், மரம் மறைக்கிறதாம். நாத்தனாருக்கு அதில் வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை.