கத்தி தீட்டும் சத்தம்

அறுக்கப்போகும் மாட்டின் முன்னால் கத்தி தீட்டக் கூடாது. கல்முனையில் இத்தனை வருடமாக இறைச்சிக்கடை நடத்துகிறேன், அந்த ஒழுங்கை ஒரு நாளும் தவறவிட்டதில்லை. கத்தியை வீட்டுக் கிணற்றடியிலேயே தீட்டிக்கொண்டுதான் மாடு அறுக்கும் மடுவத்துக்குப் போவேன். கல்லில் கத்தி உரசும் சத்தம் கேட்டால் போதும், எங்கள் பூனை சுல்தான் எங்கே கிடந்தாலும் ஓடி வந்து என் காலடியில் குந்திவிடும். தீட்டி முடித்ததும் அதற்கு ஒரு துண்டு ஈரல். பிள்ளையில்லாத வீட்டில் இப்படி ஒரு அதிகாரி இருந்தால்தான் சரிவரும் என்று மனைவி ஸுஹைறாவைச் சீண்டுவேன்.

போன நோன்புக்குப் பிறகு அதன் காதோரம் கறுப்பாக ஒரு பொருக்கு வந்தது. சண்டைபிடித்த காயம் என்று நினைத்தோம். ஸுஹைறா மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் பூசினாள். பொருக்கு உதிரும், அடியில் புண் இருக்கும், மறுபடி பொருக்குப் பிடிக்கும். பிறகு நெற்றியில் ஒன்று, மூக்கில் ஒன்று. மூக்கில் வந்தது மேலுதட்டையும் தின்றுவிட்டது. சுல்தான் ஈரலை மணந்து பார்க்கும், நாக்கை நீட்டும், வலியில் தலையை உதறிக்கொண்டு போய்விடும்.

மிருக வைத்தியர் டெனிஸ்ரன் நல்ல பிள்ளை. மெதுவாகத்தான் தொட்டுப் பார்த்தார்.

“இது புற்று, றவூப் நானா. ஒரு வைரஸ் தோலுக்குள்ள கன காலம் சும்மா கிடக்கும். வயசு போகப் போக இப்பிடி ஆக்கிப்போடும். உங்களுக்குத் தொத்தாது.”

“வெட்டி எடுக்கேலாதா?”

“சின்னதா இருக்கக்குள்ள எண்டா பார்த்திருக்கலாம். இப்ப எலும்பு வரைக்கும் போயிட்டு. ஊசி போட்டு அனுப்பிவிடுறதுதான் இரக்கம். ஆனா அந்த மருந்து இப்ப கையில இல்ல. எப்ப வரும் எண்டு எனக்கே தெரியா.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இரக்கத்துக்கும் தட்டுப்பாடா என்று கத்தினேன். அவர் வலிக்குச் சொட்டு மருந்து தந்தார். அது கொஞ்ச நாள் கேட்டது, பிறகு கேட்கவில்லை.

நேற்று ஸுஹைறா கரண்டியால் பால் பருக்கினாள். அவ்வளவும் வாயோரமாக வழிந்துவிட்டது. கரண்டியை வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

“எத்தின உசிர நோகாமப் போக வைக்கிற ஆள் நீங்க. இதையும் போக வைங்க. என்னால பாக்கேலாது.”

“மாடு திங்கிறதுக்கு. இது நம்மட புள்ள மாதிரி வளந்தது.”

“பாவமெண்டா என்ட தலையில கிடக்கட்டும். நீங்க செய்யாட்டி ஆரு செய்வா?”

பின்னேரம் அசர் தொழுதுவிட்டு வந்து கத்தியை எடுத்தேன். சுல்தான் குசினியில் அடுப்போரமாகச் சாக்கின் மேல் சுருண்டு கிடந்தது. எழும்பி நடப்பதையே விட்டிருந்தது. அதன் கண்ணில் படாமல் கிணற்றடிக்குப் போனேன். கூரில்லாத கத்தியால் வதைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் கல்லை எடுத்தேன்.

இரண்டு மூன்று இழுப்புத்தான் இழுத்திருப்பேன். திரும்பிப் பார்த்தால் சுல்தான் வந்துகொண்டிருந்தது. படியில் விழுந்து, எழும்பி, பின்னங்காலை இழுத்துக்கொண்டு என் காலடிக்கு வந்து குந்தியது.

எந்த மாட்டுக்கும் காட்டாத கத்தியை இதற்கு மட்டும் தினமும் காட்டியிருக்கிறேன். கை ஓடவில்லை. இந்த வயதில் கிணற்றடியில் உட்கார்ந்து அழுதேன்.

“முடிஞ்சிட்டா?” என்று ஸுஹைறா உள்ளேயிருந்து கேட்டாள்.

தீட்டும் சத்தம் நின்றுவிட்டதால் ஈரல் வரும் என்று நினைத்து, சுல்தான் அந்த வாயைத் திறந்தது.