பித்தளை நட்டு

சகாயராஜின் வேனில் ஏற மீன்காரப் பெண்கள் பயப்படுகிறார்கள் என்ற பேச்சு, மரக்காணம் ரோட்டில் பட்டறை வைத்திருந்த சிங்காரத்தின் காதுக்கும் வந்தது. கடல் ஊருக்குள் புகுந்ததற்கு அடுத்த கோடை அது. அலை சகாயராஜின் மனைவி மேரிசெல்வியைக் கொண்டுபோய்விட்டு, அவன் வேனைச் சவுக்குத் தோப்பில் ஒதுக்கிவிட்டுப் போயிருந்தது. அந்த வேனைத் துடைத்துத்தான் அவன் மறுபடி ஓட்டிக்கொண்டிருந்தான்.

“கண்ணாடிய மூடினா தலைய வலிக்குது, கண்ண இருட்டிக்கினு வருது,” என்றாள் பாப்பாத்தி. எக்கியார்குப்பத்திலிருந்து பாண்டிச்சேரிக்கு மீன்கூடை கொண்டுபோகிறவள் அவள். “அப்புறம் பக்கத்துல ஈரப்பொடவையோட யாரோ குந்திக்கினு இருக்காங்க. திரும்பிப் பாத்தா இல்ல.”

சிங்காரம் பேய்க்குப் பயப்படுகிற ஆளில்லை. சகாயராஜிடம் வேன் சாவியை வாங்கி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, உப்பளத்து மண்சாலையில் தானே ஓட்டிப் பார்த்தான். உச்சி வெயில். இரண்டு பக்கமும் உப்புப் பாத்திகள் கண்ணைக் கூசவைத்தன. கொஞ்ச தூரம் போனதும் நெற்றிப்பொட்டு விண்ணென்று தெறித்தது. பிறகு பின்சீட்டில் யாரோ கூந்தலைப் பிழிவதுபோல் ஒரு சத்தம். தண்ணீர் தகரத்தில் சொட்டியது. உள்கண்ணாடியில் பார்த்தான். கறுப்பாக, நனைந்து, குனிந்த ஒரு தலை.

பிரேக்கை அழுத்திக் கதவைத் திறந்து, வரப்பில் விழுந்து வாந்தி எடுத்தான். கடற்காற்று முகத்தில் பட்டுப் புத்தி தெளிந்த பிறகுதான் அவனுக்கு விஷயம் பிடிபட்டது.

பட்டறைக்கு வந்து முன்சீட்டைத் தூக்கினான். அந்த வேனுக்கு என்ஜின் அங்கேதான். என்ஜினிலிருந்து சைலன்சர் குழாய் கிளம்புகிற இடத்தில் யாரோ சாதாரண இரும்பு போல்ட்டைப் போட்டிருந்தார்கள். சூட்டில் மேல்பூச்சு எரிந்து, உப்புத் தண்ணீர் மிச்சத்தைத் தின்று, ஒன்று முறிந்தே போயிருந்தது. அந்த இடைவெளி வழியாகப் புகை நேரே வண்டிக்குள் ஏறிக்கொண்டிருந்தது; மீன் கவுச்சியில் அந்த வாடை யாருக்கும் தெரியவில்லை.

எவர்சில்வர் போல்ட் துருப்பிடிக்காது. ஆனால் சூட்டில் நட்டோடு ஒட்டிக்கொள்ளும். அடுத்த தடவை கழற்றப்போனால் முறியும். சிங்காரம் பாண்டிச்சேரிக்குப் போய், சூடு தாங்குகிற எஃகு ஸ்டட் போல்ட்டும் அதற்குப் பித்தளை நட்டும் வாங்கிவந்தான். பித்தளை துருவேறாது. எத்தனை சூடேறினாலும், ஸ்பேனர் வைத்தால் முரண்டு பண்ணாமல் கழன்று கொடுக்கும். புகை கசியாமல் புது கேஸ்கட் வைத்து முடுக்கினான். அதற்குப் பிறகு பாப்பாத்தி கூட்டம் கதை பேசிக்கொண்டே போய்வந்தது.

ஒரு வாரம் போல ஆகியிருக்கும். சகாயராஜ் பட்டறைக்கு வந்து நின்றான்.

“அண்ணே, அந்த நட்ட கொஞ்சம் லூஸ் பண்ணிடுங்க.”

“ஏம்பா, எதுக்கு?”

“மேரி வர்றதில்லண்ணே.”

சிங்காரம் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தான். “சகாயம், அது புகைப்பா. தலைக்கு ஏறினா இல்லாததெல்லாம் தெரியும். எனக்கே தெரிஞ்சுது.”

“உங்களுக்குத் தெரிஞ்சுதில்ல? தல குனிஞ்சிக்கினு இருந்தாளா?”

தான் பார்த்த குனிந்த தலையைப் பற்றிச் சிங்காரம் யாரிடமும் சொன்னதில்லை.

“எனக்கு நிமிந்து மூஞ்சி காட்டுறதுக்குள்ள மூடிட்டீங்க,” என்றான் சகாயராஜ்.

“செத்துப் போயிடுவ. நான் செய்யமாட்டேன். போ.”

சகாயராஜ் தலையாட்டிவிட்டுப் போனான். கோபப்பட்டதாகத் தெரியவில்லை.

மறுநாள் மத்தியானம் பாப்பாத்தி கூடையோடு பட்டறை வாசலில் வந்து நின்றாள். வேன் வரவில்லை, உப்பளத்துப் பக்கம் கண்ணாடியெல்லாம் மூடி, என்ஜின் ஓடியபடி நிற்கிறதாம் என்றாள். முரண்டு பண்ணாமல் கழலும் நட்டைத் தேடித்தேடி வாங்கிப் போட்டதே சிங்காரம்தான்.

மொபெட்டை விரட்டிக்கொண்டு போனான். மூச்சைப் பிடித்துக் கதவைத் திறந்து, சாவியைத் திருகி என்ஜினை நிறுத்தினான். முன்சீட்டு தூக்கியபடி கிடந்தது, அடியில் பித்தளை நட்டு கழன்றிருந்தது. சகாயராஜ் பின்சீட்டில் ஒரு ஓரமாக, பக்கத்தில் இன்னொருவருக்கு இடம் விட்டுச் சாய்ந்திருந்தான். அக்குளில் கைகொடுத்து இழுத்து வரப்பில் போட்டு, முகத்தில் அறைந்தான். நெஞ்சு ஏறி இறங்கியது. தூரத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்தார்கள்.

சகாயராஜ் கண்ணைத் திறக்க நேரமாயிற்று. திறந்ததும் வேனைப் பார்த்தான்.

“என்ன மட்டும் இழுத்தீங்களேண்ணே,” என்றான். “அவளயும் இழுக்கக்கூடாதா?”

அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். பிழைத்துக்கொண்டான். அந்த வேனை அப்புறம் அவன் தொடவே இல்லை.

அன்று எல்லோரும் போன பிறகு சிங்காரம் மட்டும் வேனருகே நின்றான். புகை போகட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மூடியிருந்த மறுபக்கக் கதவையும் இழுத்துத் திறந்தான்.

“இறங்கிடும்மா,” என்றான், மெதுவாக.

உள்ளே யாரும் இல்லை. ஆனாலும் ஒருவர் இறங்குகிற நேரம் கதவைப் பிடித்தபடி நின்றான். வண்டியின் பின்பக்கம், பாரம் இறங்கியதுபோல, ஸ்பிரிங் பட்டையில் முனகிக்கொண்டு லேசாக எழும்பியது.